மூணு நாள் கத்தும், அப்புறம் தானா அடங்கிடும்!

மேலே இருப்பது என் வசனம் இல்லை. நாய்க்குட்டி வந்திறங்கிய எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். யாராவது ஒரு பெரியவர் சேரில் சாய்ந்துகொண்டு இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பு பற்றிய மொத்த ஞானமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டதாக நம் மக்களுக்கு ஒரு நினைப்பு.

இந்த வரி தப்பு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் கட்சி ரொம்ப சிம்பிள். புதுசா வந்த குட்டி முதல் பத்து ராத்திரியாவது மனுஷங்க படுக்கிற அறையில், மனுஷங்க மூச்சு விடுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் படுக்கணும். கார் ஷெட்டில் கூடாது. மாடிப்படிக்கு அடியில் கூடாது. மொட்டை மாடியில் கூடாது. பாத்ரூமில் போட்டுச் சாத்துவது கூடவே கூடாது.

இதை எதிர்க்கிறவர்கள்தான் பெரும்பான்மை என்று எனக்கு நல்லாவே தெரியும். அடுத்த மாசம் எங்க வீட்டுக்கே ஒரு குட்டி வருது. பெரியப்பா தோட்டத்து நாட்டு நாய் போட்ட ஐந்தில் ஒன்று. அது எங்கே படுக்கும் என்று இப்போதே ஓட்டெடுப்பு நடந்து முடிந்துவிட்டது. தாத்தா: கார் ஷெட். அப்பா: கார் ஷெட். அம்மா: "எங்க வேணா படுக்கட்டும், வீட்டுக்குள்ள மட்டும் வேணாம்." நான்: தனி மரம். ஓட்டில் தோற்றவன் எழுதத்தானே வேண்டும்?

முதலில் குட்டியின் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம்ம ஊரில் குட்டியை விற்க ஒரு சட்டம் இருக்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. சரி, நியாயமா எட்டு வாரம் முடிந்தே வருகிறது என்று வையுங்கள். அந்த எட்டு வாரத்தில் அது ஒரு ராத்திரிகூடத் தனியாகப் படுத்ததில்லை. அம்மா வயிற்றுச் சூடு, மேலே ஒரு தம்பி, கீழே ஒரு தங்கச்சி, காலுக்கு நடுவில் இன்னொன்று. ஒரு குவியலாகத் தூங்கிப் பழகிய ஜீவன்.

ஒரே நாளில் அம்மா வாசனை போச்சு. கூடப் பிறந்ததுகள் போச்சு. தெரிஞ்ச தரை, தெரிஞ்ச சத்தம் எல்லாம் போச்சு. ஆட்டோவிலோ காரிலோ குலுங்கி வந்து, நாலு பேர் மாத்தி மாத்தித் தூக்கிக் கொஞ்சி, போட்டோ எடுத்து, பேர் வைத்து... பத்து மணி ஆனதும் "சரி, வெளியில விடுப்பா" என்று இருட்டில் கொண்டு போய் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். அது கத்துகிறது. நமக்குக் கோபம் வருகிறது. "என்னா அடம் பாரு!"

அடம் எங்கே இருந்து வந்தது? தாயைத் தொலைத்த குட்டி கத்தினால் தாய் தேடி வரும். கத்தாத குட்டியைக் குளிர் கொல்லும், இல்லை வேற மிருகம் கொல்லும். ஆயிரக்கணக்கான வருஷமாகக் கத்தின குட்டிகள்தான் பிழைத்தன. இன்று உங்க கார் ஷெட்டில் இருப்பது அந்தப் பரம்பரை. தனியா விட்டால் கத்து என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. பசித்த குழந்தை அழுவதை யாரும் அடம் என்பதில்லை. இது மட்டும் எப்படி அடமாகும்?

இப்போது அந்த "மூணு நாள் தியரி"க்கு வருவோம். நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், தியரியில் பாதி உண்மை. குட்டி அடங்கித்தான் போகும். சில குட்டி மூணு நாள், சில குட்டி ஐந்து நாள். ஆனால் ஏன் அடங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. "பழகிடுச்சு" என்று நாமே ஒரு பதில் வைத்துக்கொள்கிறோம்.

நான் பி.காம். படிக்கிறவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒருத்தர் உங்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறார். தினமும் போன் போட்டுக் கேட்கிறார். நீங்கள் எடுக்கவே இல்லை. ஒரு நாள் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கடன் அடைந்துவிட்டது என்று அர்த்தமா? இல்லை சாமி. அவர் உங்களை வாராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டார் என்று அர்த்தம். நாலாம் நாள் ராத்திரி அமைதியாகப் படுத்திருக்கும் குட்டியும் அதைத்தான் செய்திருக்கிறது. நம்மை வாராக்கடனில் எழுதிவிட்டது.

இது வெறும் உவமை இல்லை. 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மேயர் என்று இரண்டு பேர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொடூரமான சோதனைதான். தப்பிக்கவே முடியாதபடி கட்டிவைத்து மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். அப்புறம் ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்கிற பெட்டியில் விட்டார்கள். முன்னால் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பெரும்பாலானவை தாண்டவே முயற்சி செய்யவில்லை. அப்படியே கிடந்தன. அரை நூற்றாண்டு கழித்து 2016-இல் அதே இரண்டு பேரும் தங்கள் முடிவைத் திருத்தி எழுதினார்கள். முடங்கிப் போவது கற்றுக்கொண்டது இல்லையாம். தொடர்ந்து துன்பம் வந்தால் மூளை தானாகவே அப்படித்தான் முடங்குமாம். "நான் ஏதாவது செய்தால் நிலைமை மாறும்" என்பதைத்தான் ஒரு ஜீவன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதாம்.

கார் ஷெட்டும் மின்சார அதிர்ச்சியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. "அமைதியா இருக்கு, அதனால நல்லா இருக்கு" என்கிற கணக்கு எவ்வளவு ஓட்டை என்பதைத்தான் சொல்கிறேன். புது வீட்டில் குட்டி கற்க வேண்டிய முதல் பாடம், கூப்பிட்டால் இங்கே ஒருத்தர் வருவார் என்பது. நாம் நடத்துவதோ அதற்கு நேர் எதிர்ப் பாடம்.

எங்களுக்குப் பின் தெருவில் ஒரு வீடு. நான் ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினார்கள். கார் ஷெட்டில் கட்டினார்கள். மூணு ராத்திரி தெரு முழுக்கத் தூங்கவில்லை. நாலாம் நாள் சத்தம் இல்லை. வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. ஆறேழு மாசத்தில் அந்த நாய், ஆள் இல்லாத நேரத்தில் கதவைப் பிராண்டி, செருப்பைக் கடித்து, கேட்டை முட்டி, யார் நகர்ந்தாலும் கத்துகிற நாயாக ஆனது. அதற்குக் கிடைத்த தண்டனை இன்னும் கொஞ்சம் நீள நேரச் சங்கிலி. ஒன்றரை வயசில் "தோப்புக்கு அனுப்பிட்டோம்" என்றார்கள். தோப்புக்கு அனுப்புவது என்றால் என்னவென்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அந்த மூணு ராத்திரி மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாயை "வெளியில் கிடக்கும் பொருள்" என்று அந்த வீடு முடிவு செய்தது முதல் ராத்திரியில்தான். மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி.

சரி, எதிர்க்கட்சி வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. "நாய்னா வாசல்ல இருந்து காவல் காக்கணும்." (தாத்தா)

தாத்தா, எட்டு வாரக் குட்டி எதைக் காக்கும்? பெருச்சாளி வந்தால் அதைக் காக்கவே ஒரு ஆள் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ட்ரெய்னியைக் கூப்பிட்டு லாக்கர் சாவியைக் கொடுக்கிற பேங்க் எங்கேயாவது உண்டா?

காவல் நாய்க்குப் பேர் போனது நம்ம ராஜபாளையம். 2005-இல் அஞ்சல் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்றாக வந்த கௌரவம் அதற்கு உண்டு. அதுவும் தன் வீடு, தன் ஆள் என்று ஒட்டிக்கொண்ட பிறகுதான் காவல் காக்கும். அந்த ஒட்டுதல் உண்டாகிற காலம் எது? அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் வருஷக்கணக்காகக் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் புத்தகமே போட்டார்கள். ஏறக்குறைய மூணாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி "யாரெல்லாம் நம்மவர்" என்று மனதில் பதித்துக்கொள்ளும் காலம். நம் வீட்டுக்கு வரும்போதே அதில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மிச்சம் இருக்கும் நாலு வாரத்தின் ராத்திரியையெல்லாம் காருக்குப் பக்கத்தில் கழித்தால் அது யாரோடு ஒட்டும்? டயரோடா?

2. "ரூமுக்குள்ள விட்டா தலைமேல ஏறிடும். நாம எஜமான்னு அதுக்குக் காட்டணும்." (அப்பா)

இந்த எஜமான் கதைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து, இவை தலைமைப் பதவிக்காகச் சண்டை போடுகின்றன என்று எழுதினார். 1970-இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய்ப் புத்தகம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. அதே மெக், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களை வருஷக்கணக்கில் பார்த்தபிறகு 1999-இல், கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவர்கள் குட்டிகள், அவ்வளவுதான் என்று எழுதிவிட்டார். தலைவர் என்று நாம் நினைத்தது அப்பா அம்மாவை! ஆக, எஜமான் ஆக ஆசைப்படுகிறவர்கள் முதலில் அப்பாவாக நடந்துகொள்ளலாம். எந்த அப்பா கைக்குழந்தையை முதல் ராத்திரி போர்ட்டிகோவில் படுக்க வைக்கிறார்?

3. "அழும்போது போனா, அழுதா வருவாங்கன்னு கத்துக்கும்."

எதிர்க்கட்சியின் ஒரே பலமான வாதம் இதுதான். வளர்ந்த நாய் பிஸ்கெட்டுக்காகக் குலைக்கும்போது பிஸ்கெட் போட்டால் மறுநாளும் குலைக்கும், வாஸ்தவம். ஆனால் குட்டி பிஸ்கெட் கேட்கவில்லை. பயந்துபோய் ஆள் கேட்கிறது. பயத்துக்கு ஆறுதல் சொன்னால் பயம் குறையும், கூடாது. இன்னொன்று, பக்கத்திலேயே படுக்க வைத்தால் பெரும்பாலும் அழவே ஆரம்பிக்காது. ஆரம்பிக்காத அழுகையை எப்படி வளர்த்துவிட முடியும்?

இதே வாதத்தை மனிதக் குழந்தைக்கும் சொன்னவர்கள் உண்டு. ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928-இல் குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதி, குழந்தையைக் கட்டிக்கொள்ளாதே, முத்தம் கொடுக்காதே, கெட்டுவிடும் என்று தாய்மார்களுக்கு உபதேசம் செய்தார். 1972-இல் சில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வர்த் இருவரும் குழந்தைகளை ஒரு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தபோது, அழுதவுடன் தூக்கப்பட்ட குழந்தைகள் வருஷக் கடைசியில் குறைவாக அழுததாகக் கண்டார்கள். "அது குழந்தை, இது நாய்" என்பீர்கள். எய்ன்ஸ்வர்த் குழந்தைகளுக்கு வைத்த அதே வகைச் சோதனையை 1998-இல் புடாபெஸ்டில் ஒரு குழு நாய்களுக்கு வைத்துப் பார்த்தது. வளர்த்தவர் பக்கத்தில் இருந்தால் தைரியமாக விளையாடுவது, அவர் வெளியே போனால் கதவருகே நிற்பது, திரும்பி வந்தால் ஓடிப்போய் ஒட்டுவது என்று குழந்தை காட்டிய அதே பாங்கு நாயிடமும் இருந்தது.

4. "சுத்தம் என்ன ஆகறது? பூஜை ரூம் இருக்கு. மூத்திரம் போனா யாரு துடைக்கிறது?" (அம்மா)

இதை நான் கேலி பண்ண மாட்டேன், ஏனென்றால் துடைக்கப் போகிறவர் என்று அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் முதல் ஷரத்து: துடைப்பது நான். எழுத்துப்பூர்வமாகவே தருகிறேன்.

இரண்டாவது, நான் கேட்பது அறையை, கட்டிலை அல்ல. குட்டிக்கு வயிற்றுப்புழு இருக்கும், மருந்து கொடுத்து முடிக்கிற வரை மெத்தையில் ஏற்ற வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி போதும்.

மூன்றாவது, சுத்தம் வேண்டும் என்றால்தான் அறைக்குள் வைக்கணும்! எட்டு வாரக் குட்டியால் இரண்டு மூணு மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. ராத்திரி ஒரு தடவையாவது வெளியே தூக்கிப் போகணும். பக்கத்தில் இருந்தால் அது எழுந்து முனகுவது காதில் விழும், தூக்கிக்கொண்டு ஓடலாம். ஷெட்டில் கட்டினால் வேற வழியில்லாமல் படுத்த இடத்திலேயே போகும். படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணக்கூடாது என்பது நாய்க்குப் பிறவியிலேயே உள்ள சுத்தம். அதை நாமே உடைத்துவிட்டு, ஆறு மாசம் கழித்து "சனியன், ஹால்லயே போகுது" என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்?

வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால்? கண்டிப்பாக அவர்கள் அறையில் வேண்டாம். குட்டி உங்க அறைக்கு வர முடியாது என்றால் நீங்கள் குட்டி இருக்கும் இடத்துக்குப் போங்கள். கல்யாண வீட்டில் முப்பது பேர் ஹாலில் பாய் விரித்துப் படுத்த பரம்பரை நாம். பத்து நாள் ஒருத்தர் ஹாலில் பாய் போட்டுப் படுத்தால் முதுகு ஒன்றும் தேய்ந்துவிடாது.

5. "எங்க காலத்துல எல்லா நாயும் வெளியிலதான் வளர்ந்துச்சு."

வளர்ந்தது. எத்தனை குட்டி வளராமல் போனது என்று யாராவது பேரேட்டில் எழுதி வைத்தீர்களா? பிழைத்ததை மட்டும் எண்ணிக்கொண்டு போனதை விட்டுவிட்டால் எந்தக் கம்பெனியும் லாபத்தில்தான் இருக்கும் :-) பார்வோ வைரஸ் நாய்களிடம் உலகம் முழுக்கப் பரவியதே 1978 வாக்கில்தான். ரத்தப்பேதியாகப் போய் ஓரிரு நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, தவணை தவணையாகப் போட்டு முடிக்க ஏறக்குறைய நாலு மாசம் ஆகும். அதுவரை கேட் இடுக்கில் மூக்கை நுழைக்கும் தெரு நாயும், எலி மூத்திரமும், உண்ணியும், ஐப்பசி மழைச் சாரலும் இருக்கும் இடத்தில்தான் அது படுக்கணுமா?

சரி, எப்படிச் செய்வது? பைசா செலவு அதிகம் இல்லை. ஒரு அட்டைப்பெட்டி, குட்டி எழுந்து நின்றால் எட்டிக் குதிக்க முடியாத உயரம். உள்ளே அம்மாவின் பழைய காட்டன் புடவை. குட்டியை எடுத்து வரும்போதே அதன் தாய் படுத்த சாக்கிலோ துணியிலோ ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து உள்ளே போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் நன்றாகச் சுற்றி ஓரமாக வைக்கலாம். சாப்பாடு எட்டு மணிக்குள். படுக்கும் முன் வெளியே ஒரு நடை. பெட்டி கட்டிலுக்கு ஒட்டியபடி, கையைத் தொங்கவிட்டால் எட்டுகிற தூரத்தில். முனகினால் கையை உள்ளே விடுங்கள், அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். லைட் போடாதே, கொஞ்சாதே, விளையாடாதே. வேலை முடிந்ததும் திரும்பப் பெட்டி.

பத்து நாள் ஆனதும் பெட்டியைத் தினம் ஓர் அடி கதவை நோக்கி நகர்த்துங்கள். அப்புறம் ஹால். தடுப்பூசி எல்லாம் முடிந்து, உடம்பும் தேறி, இந்த வீடு நம் வீடு என்று அதற்கே தெரிந்தபிறகு, தாத்தா ஆசைப்பட்ட வாசல் திண்ணைக்கே போகட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிற இடத்தில் சண்டை இல்லை, போகிற வழியில்தான் சண்டை.

கடைசியாக ஒரு கணக்கு. நாய் பத்து வருஷம் இருக்கும் என்று குறைத்தே வைப்போம். 3650 ராத்திரி. அதில் நான் கேட்பது 10. கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. எந்தக் கணக்கு வாத்தியாரிடம் கேட்டாலும் சொல்வார், பல வருஷத்துக்குப் பலன் தருகிற செலவு மூலதனச் செலவு. அதை அந்த மாசச் செலவில் எழுதி "ஐயோ தூக்கம் போச்சே" என்று அழக்கூடாது. மீதி 3640 ராத்திரி அது நமக்காக விழித்திருக்கப் போகிறது. நாம் பத்து ராத்திரி அதற்காக விழிக்க மாட்டோம் என்றால், நாய் வேண்டாம், கேட்டுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிப் போடுங்கள். அது கத்தவே கத்தாது.

பி.கு.: இதைப் படித்துக் காட்டியதில் அப்பா பாதி மனது மாறியிருக்கிறார். தாத்தா "பார்க்கலாம்" என்கிறார். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "காலைல காலேஜுக்கே மூணு தடவை எழுப்பணும், நீ ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிப்பியா?" இதற்கு ஸ்காட்டிடமும் பதில் இல்லை, செலிக்மேனிடமும் பதில் இல்லை. எழுந்து காட்டுவதுதான் ஒரே வழி.